மூன்று லென்ஸும் ஒரு பையும்

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் இருமல் நின்றதா என்று அம்மா இதை எழுதும்போதே இரண்டு முறை கேட்டுவிட்டாள். மாதம் ஒருமுறை சிறையிலிருந்து நீ பேசும் பத்து நிமிடத்தையும் அவளே தின்றுவிடுகிறாள், பார்க்க வரவும் கடையில் லீவு தரமாட்டார்கள், அதனால் எனக்குக் கடிதம்தான் கதி.

ஒரு நல்ல சேதி. நீ உள்ளே போய்ப் பதினான்கு மாதம் ஆகியும் பெரிய பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை உன்னை மறக்கவில்லை. போன வாரம் எங்கள் நகல் கடைக்கு வந்திருந்தார். "உங்கண்ணன் எடுத்த குரூப் போட்டோவுல எல்லாப் பிள்ளையும் கண்ணைத் தொறந்திருக்கும். போன வருஷம் ஒருத்தர் எடுத்தாரு, பாதி வகுப்பு தூங்குது" என்றார். இந்த வருஷம் நான் எடுக்கட்டுமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "செப்டம்பர் முதல் வாரம் எடுக்கணும். போன்ல எடுக்கறதுன்னா வேண்டாம். நல்ல கேமரா இருந்தா வா" என்றார். அவர் கொடுத்தால் பக்கத்துப் பள்ளிகள் இரண்டும் கொடுக்கும். நகல் கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்குவதிலிருந்து எனக்கு ஒரு விடிவு.

உன் கேமராதான் விபத்து வழக்குச் செலவில் விற்றுப் போய்விட்டதே. நேற்று ஒரு பெண்மணி ஒரு தாளைக் கொண்டுவந்து பத்து நகல் கேட்டார். 'கேமரா, மூன்று லென்ஸ், பை. மொத்தமாக விற்பனைக்கு' என்று கையால் எழுதியிருந்தது. பதினொன்று எடுத்து ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். மருந்துக் கடையில் வேலை செய்கிறாராம். அவர் சொல்லும் விலை நமக்கு எட்டும். ஆனால் வாங்கத் தகுந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் பக்கத்தில் நின்று குடை பிடித்ததுதான் என் படிப்பு. எதைப் பார்க்க வேண்டும், சொல்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தங்கை

*

ஜூன் 15

என் வாலுக்கு,

இருமல் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல். தூக்கம் வருகிறதா என்று கேட்டால் வருகிறது என்று சொல். இங்கே என்னைப் புத்தகம் கட்டும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். விரலெல்லாம் பசை.

உன் கடிதத்தை ஏழெட்டுத் தடவை படித்தேன். இந்த ஒரு வருஷத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை தெரியுமா? எழுந்திரு, நில், உட்கார் என்று சொல்லத்தான் சொல்கிறார்கள்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது காசு கொடுத்து வாங்குவது, தாராளமாகப் பிடித்துப் பார். பகலில் போ. டார்ச் எடுத்துக்கொள். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கமாகப் பார். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூசணம், அந்த லென்ஸைத் தொடாதே. உள்ளே இதழ் இதழாகச் சுருங்கும் தகடுகளில் எண்ணெய் மினுமினுப்பு இருக்கக் கூடாது. திருகாணிகளின் தலையைப் பார். தேய்ந்திருந்தால் யாரோ பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். கேமராவில் அப்பர்ச்சர் எண்ணைப் பதினாறில் வைத்து ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடு. புள்ளி புள்ளியாக வந்தால் சென்சாரில் அழுக்கு. அந்தப் படத்தின் எண்ணையும் குறித்து வை, எத்தனை படம் எடுத்த கேமரா என்று ஓரளவு தெரியும்.

முக்கியமாக, முகத்தில் ஆசையைக் காட்டாதே. உன் முகம் கண்ணாடி, எல்லாம் தெரிந்துவிடும். உதட்டைப் பிதுக்கிக்கொண்டே பார்.

குரூப் போட்டோவுக்கு நீள லென்ஸ் தேவையில்லை. அதை விட்டுவிட்டு மற்றதைத் தருவாரா என்று கேள்.

பதிலை அன்றைக்கே எழுது. இங்கே தபால் கைக்கு வர நாளாகிறது.

அண்ணன்

*

ஜூன் 29

அன்புள்ள அண்ணா,

அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும். நான் சுகம். உன் கையில் பசை என்று படித்ததும் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி அம்மா உத்தரவு. அங்கே யார் தருவார்கள் என்று நான் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தேன். ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள சின்ன வீடு. அந்த அக்கா இன்னும் சின்ன இடத்துக்கு மாறப்போகிறாராம், பாதிச் சாமான் கட்டிக் கிடந்தது. பையை அலமாரி மேலிருந்து இறக்கி, துணியால் துடைத்து, என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். நான் டார்ச்சை எடுத்ததும், "டாக்டர் மாதிரில்ல பாக்குற" என்றார்.

மூன்று லென்ஸிலும் நூல் எதுவும் இல்லை. எண்ணெய் இல்லை. திருகாணி எல்லாம் புதிதாக இருக்கிறது. வெள்ளைச் சுவரில் இரண்டே புள்ளி. அந்தப் படத்தின் எண் 8413. குறை என்றால் இவைதான்: நீள லென்ஸின் வாய் வளையம் ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. அதன் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் மணல் அரைபடுவதுபோல நறநறக்கிறது. கேமராவின் இடது மூலை தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிகிறது. பையும் அதே பக்கம் உரசிக் கிழிந்து, கையால் தைத்திருக்கிறது.

நீள லென்ஸை விட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். "பிரிச்சுக் குடுத்தா மிச்சம் என்கிட்டயே நிக்கும்மா. எடுத்தா மொத்தமா எடு" என்றார்.

தேநீர் போடப் போனார். நான் அதற்குள் கிளம்பிவிட்டேன். வேலை இருந்தது.

வேறு விசேஷம் இல்லை.

தங்கை

*

ஜூலை 10

வாலு,

நலம்தானே? கடிதத்தின் கடைசி நாலு வரியில் நீ இல்லை. தேநீரை விட்டுவிட்டு ஓடுகிற ஆளா நீ?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டாயிரம் படம் என்பது ஒன்றுமேயில்லை. இந்தக் கேமரா இப்போதுதான் பேசவே ஆரம்பித்திருக்கிறது. ஆனால் நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் இது விழுந்திருக்கிறது. மேசையிலிருந்து விழுந்தால் ஒரு மூலை நசுங்கும், அவ்வளவுதான். பையும் கிழிந்து, உடம்பும் தேய்ந்து, மணலும் புகுந்திருக்கிறது என்றால் வேகமாகப் போய்த் தரையில் இழுபட்டிருக்கிறது. வண்டியிலிருந்து விழுந்திருக்கலாம். இதை அந்த அம்மாவிடம் நேராகக் கேட்டுவிடு. யாருடையது, எப்படி விழுந்தது, அதற்குப் பிறகு படம் எடுத்தார்களா.

ஏன் கேட்கிறேன் என்றால், அடிபட்டதில் லென்ஸ் மாட்டும் வளையம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் படத்தில் ஒரு ஓரம் மங்கும். குரூப் போட்டோவில் கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு முகமே இருக்காது. அந்தப் பிள்ளையின் அம்மா உன்னைச் சும்மா விடமாட்டாள். ஒரு முழுச் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, நேரே நின்று எடு. நாலு மூலையிலும் எழுத்து படிக்க முடிகிறதா பார். முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு.

கேமரா என் கையில் இருந்தால் இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். இங்கே உட்கார்ந்து காற்றில் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரர், "என்னப்பா, ரேடியோவா?" என்கிறார்.

அம்மாவைப் படி ஏறவிடாதே.

அண்ணன்

*

ஆகஸ்ட் 2

அன்புத் தங்கைக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. முந்தாநாள் போனில் அம்மாவிடம் கேட்டேன். "அவ வேலைக்குப் போறா, வர்றா, சாப்பிடுறா" என்றாள். அம்மா ஒருத்தியைப் பற்றி மூன்று வார்த்தையில் முடித்தால் அதில் ஏதோ இருக்கிறது. போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். நீ குளித்துக்கொண்டிருக்கிறாயாம். மத்தியானம் இரண்டு மணிக்கு.

கேமரா வேறு யாருக்காவது போய்விட்டதா? போனால் போகட்டும், வேறு பார்க்கலாம். நான் ஏதாவது கடுமையாக எழுதிவிட்டேனா? கடையில் ஏதாவது பிரச்சினையா? இங்கே இருந்து என்னால் செய்ய முடிந்தது கேட்பது ஒன்றுதான். பதில் வராவிட்டால் அதுவும் இல்லை.

ஒரு வரி எழுது.

அண்ணன்

*

ஆகஸ்ட் 9

அண்ணா,

எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். நீ எழுதிய அந்த 'வண்டியிலிருந்து விழுந்திருக்கலாம்' என்ற வரிக்குப் பிறகு பேனா ஓடவில்லை.

அன்றைக்கு அந்த அக்கா தேநீர் போட உள்ளே போனபோது சுவரில் ஒரு படத்தைப் பார்த்தேன். ஒரு மனிதர் மின்கம்பத்தில் பாதி உயரத்தில் நின்று கீழே பார்த்துச் சிரிக்கிறார். கீழே பெயரும் இரண்டு தேதிகளும் எழுதியிருந்தது. இரண்டாவது தேதியை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். உன் தீர்ப்பை எங்கள் கடையில் நான்தான் நகல் எடுத்தேன். பெயரும் அதே பெயர்.

அவர்தான் அண்ணா. அந்த விடிகாலையில் சைக்கிளில் வந்து உன் வேனில் அடிபட்டவர்.

வழக்குக்கு அவருடைய தம்பிதான் வந்துபோனார். இந்த அக்கா ஒரு நாளும் வரவில்லை, அதனால் என்னைத் தெரியாது. நீ கேட்கச் சொன்ன கேள்வியை நான் கேட்கவேயில்லை. இரண்டாம் முறை செய்தித்தாள் எடுத்துக்கொண்டு போனபோது அவராகவே சொன்னார். வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறி ஏறிப் பறவைகளைப் பக்கத்தில் பார்த்து, அதுகள் மேல் பைத்தியமாகி இந்தக் கேமராவை வாங்கினாராம். லீவு நாளில் விடியுமுன்பே சைக்கிளில் கிளம்பிவிடுவாராம். விபத்து நடந்து நாலு நாள் கழித்து, தெருக் கூட்டுகிறவர் ஒருவர் சாலைக்கு அந்தப்பக்கம் ஓடைப் புதரிலிருந்து பையை எடுத்து, உள்ளே இருந்த சீட்டைப் பார்த்து வீடு தேடி வந்து கொடுத்தாராம். அதுவரை பை இருந்ததே யாருக்கும் நினைவில்லை.

"ரெண்டு வருஷமா அலமாரி மேல இருக்கு. சும்மா வச்சிருந்தா பூசணம் பிடிச்சிரும்னு அவரே சொல்லுவாரு. யாராவது நல்லா பயன்படுத்தட்டும்" என்றார். எனக்காக வேறு இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

செய்தித்தாள் படத்தில் நாலு மூலையும் தெளிவு. ஒரு எழுத்தும் மங்கவில்லை.

இன்னும் மூன்று வாரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வாங்கினால் அவரிடம் பொய் சொன்னதாக ஆகும். விட்டால் வேறு கேமரா இந்த விலைக்குக் கிடையாது, பள்ளியும் போகும். அம்மாவிடம் சொன்னேன். அவள் அன்று சாப்பிடவில்லை. நான் என்ன செய்யட்டும்?

தங்கை

*

ஆகஸ்ட் 18

தங்கைக்கு,

வாங்காதே. அந்த வீட்டுக்கு இனிப் போகாதே. அவரிடம் எதுவும் சொல்லாதே. சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கும்? ஆறிக்கொண்டிருக்கிற புண்ணைக் கீறுவதுதான் மிச்சம். ஊரைவிட்டுப் போகிறேன் என்றோ, அண்ணன் வேண்டாம் என்றான் என்றோ ஏதாவது சொல்லி ஒதுங்கிக்கொள்.

8412 வரை அவர் எடுத்தது. அதற்கு அடுத்தது வெள்ளைச் சுவர். அதை எடுக்கச் சொன்னவன் நான். இரண்டு நாளாகப் பசையும் காகிதமுமாக உட்கார்ந்திருக்கிறேன், ஒரு புத்தகம்கூட முடியவில்லை.

பையைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.

அம்மாவைச் சாப்பிடச் சொல்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 20

அண்ணா,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. மன்னித்துக்கொள். நேற்றுச் சொல்லிவிட்டேன்.

மருந்துக் கடையில் கூட்டம் குறையட்டும் என்று வாசலில் நின்றேன். அந்த அக்கா பார்த்துவிட்டு, "என்ன, கேமராவா? சாயந்திரம் வீட்டுக்கு வாயேன்" என்றார். வீட்டுக்குப் போனால் வாய் வராது என்று தெரியும். அங்கேயே, மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் சொன்னேன். "நான் அந்த வேன் ஓட்டினவரோட தங்கச்சி."

அவர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. ஒரு அட்டையிலிருந்து ஆறு மாத்திரை வெட்டி, உறையில் போட்டு, வேளை எழுதி, நின்றிருந்த பெரியவரிடம் கொடுத்து அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சுதான் வந்தியா?"

"முதல் தடவை தெரியாதுக்கா. ரெண்டாவது தடவை தெரியும்."

"ரெண்டாவது தடவை என் வீட்டுல தேத்தண்ணி குடிச்சே."

நான் தலையை ஆட்டினேன்.

கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். பிறகு, "விலை அதே விலைதான். உனக்குன்னு ஏத்தவும் மாட்டேன், எறக்கவும் மாட்டேன். ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும்" என்றார். நீ கோர்ட்டில் எதுவும் நினைவில்லை என்று சொன்னாயாம். அதை அவர் நம்பவில்லை. "கீழ எறங்கினாரா உங்கண்ணன்? இவர் அப்ப உயிரோட இருந்தாரா? ஏதாவது சொன்னாரா? ஆஸ்பத்திரி வர்றதுக்கு முன்னாலயே போயிட்டாருன்னு மட்டும் சொன்னாங்க. அந்த எடத்துல இருந்தது உங்கண்ணன் ஒருத்தர்தான். எழுதிக் கேளு."

கேட்டுவிட்டேன். உனக்கு என்ன நினைவிருக்கிறது என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

தங்கை

*

செப்டம்பர் 1

தங்கைக்கு,

இதை அந்த அம்மாவிடம் படித்துக் காட்டு. தபாலைப் படித்துப் பார்க்கிற அலுவலகத்துக்காரரும் படிக்கட்டும். வக்கீல் நினைவில்லை என்று சொல்லச் சொன்னார், சொன்னேன். எல்லாம் நினைவிருக்கிறது.

ஒரு கம்பெனி விழாவைப் படமெடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். வெளுக்கிற நேரம். கண் சொருகியது. முழித்தபோது சத்தம் முடிந்திருந்தது. கீழே இறங்கினேன். உடனே இறங்கவில்லை, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவர் சாலை ஓரத்தில் மல்லாந்து கிடந்தார். உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன், இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினேன். மூன்றாவது தடவைதான் கிடைத்தது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பை எங்க?" என்று கேட்டார். தெளிவாகத்தான் கேட்டார். "பை ஒண்ணும் இல்லண்ணே, அசையாதீங்க" என்றேன். "பாருங்க, இருக்கும்" என்றார். பிறகும் ஒரு தடவை "பை" என்றார். நான் எழுந்து பார்க்கவில்லை. அடிபட்ட மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். கையை விட்டால் போய்விடுவார் என்றும் பயமாக இருந்தது. அந்தக் கையை நான் எனக்காகத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். சாலையைத் தாண்டிப் பத்தடி நடந்திருந்தால் பையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்திருக்கலாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

வேறு எதுவும் சொல்லவில்லை. வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. அந்த அம்மா கேட்டதற்குப் பதில் இது, அவ்வளவுதான்.

அண்ணன்

*

செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நான் நன்றாக இருக்கிறேன். உன் உடம்பு எப்படி என்று இந்த முறை உண்மையாகவே எழுது.

உன் கடிதம் போன வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். வீடு மாறுகிற நாள் நெருங்கிவிட்டதால் நாற்காலிகூட இல்லை. தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். படித்தேன். நடுவில் நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் மறுபடி ஆரம்பித்திருக்க மாட்டேன்.

முடித்ததும், "பையைத்தான் கேட்டாரா?" என்றார்.

"ஆமாக்கா."

"எம் பேரு ஏதாவது?"

நான் கடிதத்தை மறுபடி பார்த்தேன். அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் அண்ணா? நாக்கு நுனிவரை வந்தது. ஏற்கெனவே ஒரு பொய்யோடு அந்த வீட்டில் உட்கார்ந்தவள் நான். "இல்லக்கா" என்றேன்.

லேசாகச் சிரித்தார். "அந்த மனுஷன் அப்படித்தான். வீடு பத்தி எரிஞ்சாலும் மொதல்ல அதைத்தான் தூக்கிட்டு ஓடுவாரு. அப்புறம்தான் நான்" என்றார். சொல்லிவிட்டுப் பையை இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். அந்தக் கிழிசலைத் தைத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். நான் அதைப் பார்க்காமல் கதவைப் பார்த்தேன்.

"கோவிச்சுக்காதம்மா. இதை இனிமே குடுக்க முடியாது. கேட்டது இதைத்தான்னா எங்கூடவே இருக்கட்டும்."

சரிக்கா என்றேன். பள்ளிக்கூடத்துக்கு என்னால் முடியாது என்று முன்பே சொல்லிவிட்டேன். போன வருஷம் வந்தவரே இந்த வருஷமும் எடுத்தார். எங்கள் கடை வழியாகத்தான் போனார். நான் ஒருவருடைய வீட்டுப் பத்திரத்துக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த அக்கா பின்னாலேயே வந்தார். "உள்ள இருக்கறவங்கள எந்தக் கிழமை பாக்க விடுவாங்க?" என்று கேட்டார்.

"செவ்வாயும் வெள்ளியும்."

"சொந்தக்காரங்க மட்டுந்தானா?"

"யாரு வேணாலும் மனு போடலாம்க்கா. அவங்க சம்மதிக்கணும்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். திட்டுவதற்கா, அந்த விடிகாலையை இன்னொரு முறை உன் வாயால் கேட்பதற்கா, சும்மா பார்ப்பதற்கா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கிருந்து என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஒரு பெயரைச் சொல்லிச் சம்மதமா என்று உன்னிடம் கேட்பார்கள். நீ முடியாது என்று சொன்னால் அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு உனக்கு உரிமை உண்டு.

அம்மா உன்னிடம் சொல்லச் சொன்னாள்: அவர் வந்தால் முதலில் உட்காரச் சொல்ல வேண்டுமாம். அங்கே உட்கார நாற்காலி கிடையாது, கம்பி வலைக்கு இந்தப்பக்கம் எல்லாரும் நிற்கத்தான் வேண்டும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

உன் தங்கை